பிரேக்கில் காற்று எடுத்த நாள்

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அப்பாவிடம்தான் கேட்டாய். பழைய கார் ஒன்று வாங்கியிருப்பதாகவும், பிரேக் மிதித்தால் மெத்தென்று இருப்பதாகவும், படூர் பிளாட்டின் பார்க்கிங்கிலேயே வைத்து பிரேக் குழாயில் புகுந்த ஏரை நீயே எடுத்துவிடலாம் என்று இருப்பதாகவும், அதற்கு என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்றும் கேட்டாய். "நித்யா சனிக்கிழமை வரா. அவ பெடலை மிதிச்சா நான் கீழ படுத்து பாத்துக்குவேன்" என்று சிரித்தாய். அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டார். சிக்னல் சரியில்லை என்று நான் உன்னிடம் சொன்னேன். புதுப்பட்டினத்தில் அன்று சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முதல் நாள் உன் கல்யாணப் பத்திரிகை அடிப்பது பற்றிப் பேசியபோது, "சேகர் மாமா பேரு வேணாம்மா. அவரு மேடையில வந்து நின்னா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்" என்று சொல்லியிருந்தாய். உனக்கு இவை இரண்டும் வேறு வேறு பேச்சு. எங்களுக்கு இரண்டும் ஒன்று. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் என்றால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் நிறுத்திவிடுவேன். பதின்மூன்று வருஷமாக அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் வந்திருக்கிறேன்.

சனிக்கிழமைக்குள் கடைக்குப் போய்விடுவாய் என்பதால் சாமான்களை முதலில் சொல்கிறேன். இதெல்லாம் அப்பா நேற்று சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டவை. பிரேக் ஆயில் சீல் உடையாத புது டப்பாவாக வாங்கு. உன் கார் ஆயில் தொட்டியின் மூடி மேலேயே எந்த வகை ஆயில் என்று எழுதியிருக்கும், அதே வகை. வீட்டில் எப்போதோ திறந்து வைத்த டப்பா இருந்தால் தூக்கிப் போடு. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடுமாம், நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற, காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திருக, அதன் அளவுக்குச் சரியாக உட்காருகிற ரிங் ஸ்பேனர் வேண்டும். வாய் திறந்த ஸ்பேனர் கூடாது. அட்ஜஸ்ட் பண்ணுகிற ஸ்பேனர் கூடவே கூடாது. இதை அப்பா மூன்று முறை சொன்னார். காரணம் பின்னால் வரும். நிப்பிளில் இறுக்கமாக மாட்டுகிற, உள்ளே குமிழி வருவது தெரிகிற கண்ணாடி போன்ற டியூப், ஒரு பாட்டில், துரு இளக்குகிற எண்ணெய், வேறு புது நிப்பிள் நான்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை விடாதே, இரும்பு ஸ்டாண்டு வை, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடு. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், பக்கத்திலேயே துணியும் ஒரு பக்கெட் தண்ணீரும் இருக்கட்டும். இப்போது ஒருவழி வால்வு வைத்த பாட்டில் கிடைக்கிறதாம். அதை மாட்டினால் ஆயில் வெளியே வரும், காற்று திரும்ப உள்ளே போகாது, ஒரே ஆள் செய்துகொள்ளலாம். அதை வாங்கு கதிர். மற்றதெல்லாம் அப்பா சொன்னது. இது நான் சொல்வது. நித்யாவை அந்த சீட்டில் உட்கார வைக்காதே.

ஏனென்றால் அந்த சீட்டில் உட்கார்ந்தவள் நான். நம் வீட்டில் அந்தப் பழைய காரை அப்பா வாங்கியபோது உனக்குப் பத்து வயது. பிளாண்ட்டில் பெரிய பெரிய மெஷினையெல்லாம் கழற்றி மாட்டுகிற டெக்னீஷியன், ஒரு காரை மெக்கானிக்கிடம் விடுவதா என்று அவருக்கு ஒரு வீம்பு. எல்லாவற்றையும் வாசலில் வைத்துத் தானே செய்தார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது. இரண்டு முறை கேட்டேன். "உனக்கு எதுக்கு, போற எடத்துக்கெல்லாம் நான் கூட்டிட்டுப் போறேன்ல" என்றார். மூன்றாவது முறை கேட்கவில்லை. அந்தக் காரில் நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது, வருஷத்துக்கு ஒரு முறை பிரேக்கில் ஏர் எடுக்கும்போது மட்டும்தான். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருப்பேன். வண்டி எங்கும் போகாது. சக்கரம் கழற்றி ஜாக்கியில் நிற்கும். எனக்கு அவர் முகம் தெரியாது, கீழே இருந்து குரல் மட்டும் வரும். "அமுக்கு. அமுக்கு. அமுக்கு. பிடி." நான் பெடலை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் நிப்பிளைத் திறப்பார், காற்றும் ஆயிலுமாக வெளியே வரும், பெடல் என் காலுக்குக் கீழே ஆழத்துக்கு இறங்கும். அவர் நிப்பிளை மூடி "விடு" என்று சொல்லும் வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நான்கு சக்கரத்துக்கும் இப்படியே. நடுவில் பால் பொங்கினாலும் எழுந்து போக முடியாது.

நீ ஏழாவது முடித்த லீவில், மே மாதத்து சனிக்கிழமை அது. அன்று அப்பா காலையிலிருந்தே சிடுசிடுப்பாக இருந்தார். மறுநாள் செங்கல்பட்டில் அவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டு விசேஷம். காரில் போய் இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெயில் நேராகக் கண்ணாடி வழியாக என் மடியில் விழுந்தது. சீட்டின் ரெக்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டது. மூன்று சக்கரம் முடிந்து, கடைசியாக முன்பக்க இடது சக்கரம். "பிடி" என்றார். பிடித்தேன். பெடல் இறங்கியது. "விடு" வரவில்லை. கீழே இரும்பு இரும்பில் வழுக்குகிற சத்தம் கேட்டது, அவர் யாரையோ திட்டினார். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். கெண்டைக்காலில் சுளுக்கு மாதிரி ஏறியது. பல்லைக் கடித்தேன். ஒரு கட்டத்தில் கால் தானாக மேலே வந்துவிட்டது. ஒரு நொடிதான். உடனே மறுபடி அமுக்கினேன். "பிடிச்சிருக்கியா?" என்று கேட்டார். "பிடிச்சிருக்கேன்" என்றேன். கீழே துணியால் எதையோ துடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு "சரி, முடிஞ்சிது, எறங்கு" என்றார். விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பார். முதல் சக்கரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருப்பார். அந்தக் கத்தலுக்குப் பயந்து, கதிர், அந்த ஒரு வார்த்தைக்குள் போய் உட்கார்ந்தவள்தான், இன்னும் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை அப்பாவுக்கு அவசர டியூட்டி வந்துவிட்டது. என் தம்பி சேகர் அன்று கருங்குழியிலிருந்து நம்மைப் பார்க்க வந்திருந்தான். மகாபலிபுரத்துக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றிவரும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான் அப்போது. ஒரு கம்பெனியில் ஸ்டாஃப் பஸ் ஓட்ட நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் வந்தான். "நீ கார எடுத்துட்டுப் போய் மொய்யை வச்சுட்டு வந்துரு, கதிரையும் கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா. சேகர் வண்டியை வாசலில் முன்னும் பின்னும் ஒரு தடவை எடுத்துப் பார்த்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாமா, பெடலு பஞ்சு மாதிரி கீது மாமா. ரெண்டு தபா அடிச்சாத்தான் புடிக்குது" என்றான். அப்பா ஷூ மாட்டிக்கொண்டே, "நேத்துதான் நானே ஏர் எடுத்தேன். புது ஆயில், ஓட ஓட செட் ஆயிடும். நீ கீதுன்னு ஆரம்பிக்காம கெளம்பு" என்றார். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். அது ஏன் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். "மெதுவா போ சேகர்" என்று மட்டும் வந்தது. நீ முன் சீட்டில் ஏறி எனக்குக் கை காட்டினாய்.

திருக்கழுக்குன்றம் தாண்டி வளைவில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. மந்தைக்கு நடுவில் ஒரு பெண். சேகர் வண்டியைப் புளியமரத்தில் கொண்டுபோய் விட்டான். உனக்கு நெற்றியில் ஏழு தையல். அவனுக்கு வலது கணுக்கால் நொறுங்கிப் போயிற்று. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்துகொண்டு, "பெடலு அப்டியே உள்ள போயிட்ச்சிக்கா, அடிச்சிகினே இருந்தேன்க்கா, ஒண்ணுமே இல்லக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிரேக்கில் கால் முழு பலத்தோடு ஊன்றியிருந்ததால்தான் எலும்பு இப்படி உடைந்திருக்கிறது என்று டாக்டர் என் காதுபடவே சொன்னார். அப்பா வந்தார். கட்டுப்போட்ட உன் தலையைப் பார்த்தார். "வேகமாப் போயிருப்பான். வேன் ஓட்டுற புத்தி" என்றார். உன்னிடம் குனிந்து, "மாமா என்ன பண்ணிட்டு இருந்தாருடா கண்ணா?" என்று கேட்டார். "காலை ஆட்டிட்டே இருந்தாருப்பா" என்றாய் நீ. அப்பா நிமிர்ந்து எல்லாரையும் பார்த்து, "பாத்தீங்களா, கேசட்டைப் போட்டுட்டு தாளம் போட்டுட்டு ஓட்டியிருக்கான்" என்றார்.

நீ சொன்னது உண்மை. உன் மாமா காலை ஆட்டிக்கொண்டேதான் இருந்தான். பெடலை அடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயதில் நீ பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாய். அதற்கு வேறு அர்த்தம் கொடுத்தது அப்பா. அந்த அர்த்தம் தப்பு என்று தெரிந்தும் அங்கே நின்றுகொண்டிருந்தது நான். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், என் கால் பெடலை விட்டதையும் சொல்ல வேண்டும். என் பிள்ளையின் நெற்றியைக் கிழித்தவள் நானே என்று ஆகிவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பது மறுவாரம் ஆயிற்று. கம்பெனியில் விசாரித்தவர்கள் காதுக்கு, அக்கா பிள்ளையையே மரத்தில் மோதினவன் என்ற பேச்சு போய்ச் சேர்ந்தது. பஸ் வேலை போயிற்று. கால் கூடி வந்தபோது வேன்காரரும் வேறு ஆளைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் உண்மையைச் சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வாய் திறப்பது இன்னும் கஷ்டமாயிற்று. சேகர் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். நீ அவனை "அந்த ஆள்" என்று சொல்ல ஆரம்பித்தாய். ஒருநாளும் உன்னைத் திருத்தவில்லை. அதே வீட்டில், அதே அடுப்பங்கரையில், உங்கள் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டு, ஒரு கதவைக்கூடத் திறக்கத் தெரியாதவள் மாதிரி இருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தபின் இரண்டு நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரசத்தை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னங்க, அன்னிக்கு நீங்க விடுன்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் காலை எடுத்துட்டேங்க. பிடிச்சிருக்கேன்னு பொய் சொன்னேன்" என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு, "நீ எடுத்தது எனக்குத் தெரியும். டியூப்ல ஆயில் திரும்ப ஏறினதப் பாத்தேன்" என்றார். ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அதனால ஒண்ணும் ஆகலம்மா. அந்த அளவு காத்துக்கு பெடல் மெத்துனு இருக்கும், அவ்வளவுதான். ரெண்டு தடவ அடிச்சா பிடிச்சிருக்கும். ரிங் ஸ்பேனர் கையில கெடைக்கல, அட்ஜஸ்ட் ஸ்பேனரப் போட்டுத் திருகினேன். நிப்பிள் மூலை மழுங்கிப்போச்சு. முழுசா மூட முடியல. லேசா கசிஞ்சுது. தொடைச்சிட்டு மேல ரப்பர் மூடியப் போட்டுட்டேன். திங்கக்கிழமை வேற நிப்பிள் வாங்கிப் போட்டுக்கலாம்னு இருந்தேன். போற வழியில ஆயில் பூரா அங்கதான் போயிருக்கு." அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்று பயந்தாராம். உன்னை அந்த வண்டியில் ஏற்றி அனுப்பியவர் தான்தான் என்பதை ஆஸ்பத்திரியில் அவரால் தாங்க முடியவில்லையாம். யார் மேலாவது போட வேண்டியிருந்தது, சேகர் பக்கத்தில் கிடந்தான்.

அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது என்று நினைக்காதே. நான் செய்யாத கொலைக்குப் பதின்மூன்று வருஷம் ஜெயிலில் இருந்திருக்கிறேன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என் எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு இன்னொன்றும் தோன்றியது. அவரும் அதே ஜெயிலில்தான் இருந்திருக்கிறார். பக்கத்து அறையில். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் இருந்ததற்கு முழு விலையும் கொடுத்தவன் கருங்குழியில் நொண்டிக்கொண்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

மறுநாளே இருவரும் பஸ் மாறிக் கருங்குழி போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அவன் கடை. லாரி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டான், மறுபடி டயர் பக்கம் திரும்பினான். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்த அப்பா, அங்கே போய் வெயில் எப்படி, வியாபாரம் எப்படி என்று ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். சொன்னார். நிப்பிள், கசிவு, ரப்பர் மூடி எல்லாவற்றையும் சொன்னார். நானும் என் பங்கைச் சொன்னேன். சேகர் கையிலிருந்த டயர் லீவரைக் கீழே வைக்கவேயில்லை. பிறகு என்னிடம்தான் பேசினான், அப்பாவிடம் இல்லை. "இன்னாக்கா இது. எனக்கே டவுட்டு வந்துட்ச்சிக்கா. இத்தினி பேரு சொல்றாங்களே, வேகமாத்தான் போனனோ இன்னாவோன்னு. புள்ளய வச்சிகினு வேகமாப் போனனான்னு எத்தினி நாளு படுத்துகினு ரோசன பண்ணியிருக்கேன், தெரியுமா உனுக்கு?" அப்பா, "நீ வேகமாப் போகல சேகர்" என்றார். "நீ சொல்லாத மாமா" என்றான் அவன். குரலை உயர்த்தவில்லை. "நீ அங்க இல்ல. அக்காவும் இல்ல. வண்டியில இருந்தது ரெண்டே பேரு."

கல்யாணத்துக்கு வா என்று கூப்பிட்டோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். கிளம்பும்போது, அப்பா முன்னால் போய்விட்ட பிறகு, "கதிருக்குத் தெரியுமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அவனாண்ட சொல்லு. மொதல்ல அவனாண்ட சொல்லு" என்றான்.

அதனால் சொல்லிவிட்டேன். எங்கள் மேல் உனக்கு வருகிற கோபம் வரட்டும், அதைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. உன் கல்யாணத்தில் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நித்யா உன்னிடம் வந்து "தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்கிற அன்று, உன் முகம் அவளை மறுநாள் பொய் சொல்ல வைக்காதபடி இருக்கட்டும். உன்னுடைய மழுங்கின நிப்பிளை அவளுக்குக் காட்ட உனக்கும் வெட்கம் இருக்கக் கூடாது. காரில் ஏர் எடுத்து முடித்ததும், எஞ்சினைப் போட்டு பெடலை முழு பலத்தோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு, நான்கு சக்கரத்திலும் ஈரம் தெரிகிறதா என்று அவளைப் பார்க்கச் சொல். தெரிந்தால் வண்டியை வாசலை விட்டு நகர்த்தாதே, எந்த விசேஷமாக இருந்தாலும் சரி.

இந்த வாரமே கருங்குழிக்குப் போய்வா. நீ போய் நின்றால் சேகர் முதலில் பேச மாட்டான், வேலையைப் பார்த்துக்கொண்டேயிருப்பான். நின்றுகொண்டிரு. கல்யாணப் பேச்சை எடுக்காதே. அதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து அந்தக் காலைப்பொழுதை நினைத்துப் பார். வண்டி என்ன வேகத்தில் போயிற்று, மரம் எப்படி வந்தது, அவன் முகம் எப்படி இருந்தது. எங்களுக்காக எதையும் கூட்டிச் சொல்லாதே. உனக்கு ஞாபகம் இருப்பதை மட்டும் அவனிடம் சொல். பதின்மூன்று வருஷமாக அவன் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விக்குப் பதில் தெரிந்தவன், அவனைத் தவிர, நீ ஒருவன்தான்.

அம்மா